அரை நிமிடம் பின்னால்

ரிமோட்டின் அம்புக்குறியை அழுத்தி அழுத்தி, கோயிலின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக டிவி திரையில் சேர்த்துக்கொண்டிருந்தாள் ஜொவிட்டா. அங்கே அப்பாவின் அடக்கப் பூசை தொடங்கியிருக்கும். இங்கே நேரலைக்கு முன்னால் ஒரு விளம்பரம், ஐந்து நொடி கழித்துத் தாண்டிக்கொள்ளலாம் என்று பெரிய மனது பண்ணியது.

அப்பா ஆரோக்கியநாதன் நேற்று ஆஸ்பத்திரியில் இறந்தார். வீடு மூன்றாவது மாடியில். படிக்கட்டு வளைவில் பெட்டி திரும்பாது என்று நேராகக் கோயிலுக்கே கொண்டுபோய்விட்டார்கள். இடுப்பெலும்பு முறிந்து, சக்கரம் வைத்த வாடகைக் கட்டிலில் கிடக்கும் டெல்பின் இன்னும் கணவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவளோடு யாராவது ஒருத்தர் இருக்க வேண்டும். வழக்கம்போல அந்த ஒருத்தர் மகள் ஜொவிட்டாதான். அவளுக்கு அழக்கூட அலுப்பாக இருந்தது.

"மூடுறதுக்குள்ள ஒரு தபா பாத்துட்டா போதும்டி." காலையிலிருந்து அம்மா கேட்டது அது ஒன்றைத்தான்.

கேபிளை நிறுத்திவிட்டு இந்த இன்டர்நெட் டிவியைப் போட்டவன் தம்பி கிளிஃபர்ட். அப்பாவுக்கு அது ஆகவே ஆகாது. பக்கத்து வீட்டு கேபிளில் விக்கெட் விழுந்து கூச்சல் கேட்ட பிறகுதான் இங்கே பௌலர் ஓடிவருவான். "முடிஞ்சுபோனதை எனக்கு எதுக்குடா காட்டுற?" என்று மகனோடு மல்லுக்கு நிற்பார். அம்மாவுக்குப் பிடித்திருந்தது. படுத்தபடியே பூசை பார்க்கலாம், கண்ணயர்ந்துவிட்டால் பின்னால் தள்ளிக்கொள்ளலாம்.

பூசை முடிந்தது. சனங்கள் வரிசையாகப் பெட்டியருகே வந்தார்கள். கேமரா அவர்கள் தோளுக்கு மேலே ஏறி, மெதுவாக முகத்தை நெருங்கியது. அப்போது பார்த்து வட்டம் சுற்றத் தொடங்கியது.

"இன்னாடி நின்னுபோச்சு?"

"நெட்டு சுத்துதும்மா. வந்துரும்."

வரவில்லை. ஜன்னல் வழியே கோயில் மணி கேட்டது, ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு. டெல்பின் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மணி அடிச்சாச்சு. மூடிட்டாங்க," என்றாள்.

போன் அடித்தது. கிளிஃபர்ட்.

"அக்கா, மூடியாச்சு. அம்மா பாத்துச்சா?"

பாழாய்ப்போன டிவி என்று மனசுக்குள் திட்டினாள் ஜொவிட்டா. அந்த நேரத்தில் வட்டம் மறைந்தது. திரை முழுக்க அப்பாவின் முகம். இங்கே பெட்டி இன்னும் திறந்துதான் இருந்தது. பக்கத்தில் இரண்டு பேர் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஜொவிட்டா சட்டென்று பொத்தானை அழுத்தி அவர்களை அங்கேயே நிறுத்தினாள்.

"பாத்துக்கினே கீது," என்றாள் தம்பியிடம். "நீங்க கல்லறைக்குக் கெளம்புங்க."

டெல்பின் கண்ணைத் திறந்திருந்தாள்.

"கிட்டக்க தள்ளுடி."

கட்டிலின் பிரேக்கை விடுவித்து, டிவி ஸ்டாண்டில் இடிக்கும்வரை தள்ளினாள் ஜொவிட்டா. அம்மா கையை நீட்டி அவர் நெற்றியில் வைத்தாள். காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த டிவி அது.

"சூடு கீதுடி இன்னும்," என்றாள்.

கொஞ்ச நேரம் எதையும் அழுத்தாமல் விட்டால் திரை தானாக அணைந்துவிடும். ரிமோட்டைப் பிடித்தபடி கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டாள் ஜொவிட்டா.