புத்தகம் எனக்குத்தான்

கணவனின் சைக்கிளில் ஈரத் துணி காய்வது அந்த வீட்டில் பழகிப்போன காட்சி. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் டிரையத்லான் போட்டியில் இறங்கப்போவதாக அவன் ஒரு காலத்தில் ஊரையே கூட்டியிருந்தான். விலை உயர்ந்த சைக்கிள் வந்தது. தலையணைத் தடிமனில் ஒரு பயிற்சிப் புத்தகமும் வந்தது. ஆளுக்கு மட்டும் காலைத் தூக்கம் போகவில்லை. சைக்கிள் பால்கனிக்குப் போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அந்தத் துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு, சீட்டைத் தாழ்த்தத் தொடங்கினாள்.

கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸை அறுத்துப் பொருத்துவது அவள் வேலை. பொழுதெல்லாம் நின்றபடி, குனிந்த தலை நிமிராத வேலை. சில வாரங்களுக்கு முன் கணவனோடு ஒரு டிரையத்லான் போட்டியை வேடிக்கை பார்க்கப் போயிருந்தாள். அங்கே தன்னைப் போலவே இடுப்பு பெருத்த ஒருத்தி தண்ணீரிலிருந்து எழுந்து, மூக்கைச் சிந்திவிட்டு, சைக்கிளை நோக்கி ஓடினாள். அன்றிலிருந்து இவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

"உனக்கு நீச்சலே தெரியாதே!" என்றான் கணவன்.

"தெரியாதுதான். கத்துக்கப் போறேன்."

"முதல்ல என் புத்தகத்தைப் படிச்சுட்டு அப்புறம் பேசு."

படித்தாள். முதல் பக்கத்திலேயே, ஒரு கிலோமீட்டர் நிற்காமல் நீந்தத் தெரிந்தவர்களுக்கே இந்தப் புத்தகம் என்று போட்டிருந்தது. அதற்கப்புறம் அட்டவணைகள், இதயத் துடிப்புக் கணக்குகள். மூடிவைத்தாள்.

"இது எனக்காக எழுதினது இல்லைங்க."

"ஆடத் தெரியாம புத்தகத்து மேல பழி போடாதே."

"உங்களுக்காக எழுதினது மாதிரியும் தெரியலையே."

அவன் டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

மறுநாள் வேலை முடிந்ததும் புத்தகக் கடைக்குப் போனாள். கடைக்காரர், "யாருக்கு மேடம்? சாருக்கா?" என்றார்.

"எனக்கு."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தொப்பை குறைக்க வழி சொல்லும் புத்தகம் ஒன்றை உருவினார்.

"தொப்பையைப் பத்தி நான் கேக்கவே இல்லையே?"

அவர் அலமாரியைக் கை காட்டிவிட்டு நகர்ந்தார். அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒன்றில் பக்கத்துக்குப் பக்கம் எழுதியவரின் வயிற்றுத் தசைகள்தான். இன்னொன்று பெண்களுக்கானதாம், வியர்த்தாலும் முகம் களையாக இருப்பது எப்படி என்று ஓர் அத்தியாயமே இருந்தது. அடியில் அட்டை மங்கி, முனை மடங்கிய மெல்லிய புத்தகம் ஒன்று கிடந்தது. அது இப்படித் தொடங்கியது: 'தண்ணீரைக் கண்டால் பயமா? பயந்தபடியே இறங்குங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு, முகத்தை முக்கி, மூச்சை வெளியே விடுங்கள். முதல் வாரம் இது போதும்.'

அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். தன் முகத்தைப் பார்த்து யாரோ பேசுவது போலிருந்தது.

"அது வேணாம் மேடம், யாரும் வாங்கறதில்ல," என்றார் கடைக்காரர்.

"அப்ப எனக்காகத்தான் வச்சிருக்கீங்க. பில்லைப் போடுங்க."

நீச்சல் குளத்தில் ஆழமில்லாத பக்கம் நின்று அவள் முகத்தை முக்கினாள். மூக்கில் தண்ணீர் ஏறி, கண் சிவந்து, இருமி இருமி மறுபடி முக்கினாள். பக்கத்தில் நீந்தியவர்கள் சிரித்தது காதில் விழாமல் இல்லை.

ஒரு நாள் வீட்டுக்கு வந்திருந்த நண்பர்களிடம் கணவன் சொன்னான். "என் பொண்டாட்டி பெரிய வீராங்கனை. தினமும் குளத்துல போய்க் குமிழி விட்டுட்டு வரா."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் தட்டுகளை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆமா. நான் குமிழி விடறேன், இவர் கதை விடறார். எது கரை சேருதுன்னு பாத்துடுவோம்."

இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கமாகப் போயிற்று. கணவன் சிரிக்கவில்லை.

புத்தகம் சொன்ன வேகத்தைவிட அவள் மெதுவாகத்தான் போனாள். ஒரு வாரப் பாடத்துக்குச் சில சமயம் ஒரு மாதம் ஆனது. ஆனாலும் எதையும் தாண்டிக் குதிக்கவில்லை. மழைக்காலம் போய் வெயில் வந்தபோது, மிகக் குறைந்த தூரப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள்.

போட்டி ஓர் ஏரியில். இறங்கிய உடனே நாலா பக்கமும் கைகளும் கால்களும். யாருடைய முழங்கையோ தாடையில் இடித்தது. ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே போனது. நெஞ்சு படபடவென்று அடிக்க, காவல் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மேல ஏறிடுங்கம்மா, போதும்," என்றார் படகுக்காரர்.

"பிடிச்சுக்கிட்டா தப்பில்லையே?"

"தப்பில்ல. ஆனா உங்க மூஞ்சியப் பாத்தா பயமா இருக்கு."

"அப்ப மூஞ்சியப் பாக்காதீங்க."

முகத்தைத் தண்ணீரில் முக்கி மூச்சை விட்டாள். இன்னொரு முறை. படபடப்பு அடங்கியது. படகை விட்டாள்.

கரையேறியபோது சைக்கிள் நிறுத்தத்தில் பாதிக்கு மேல் காலியாகியிருந்தது. தன்னுடையது இருந்தது, அது போதும். மேட்டில் மூச்சு வாங்க மிதித்தாள். ஓட இறங்கியபோது கால்கள் யாரோ கடன் கொடுத்த கால்கள் போல இருந்தன. நடந்தாள், ஓடினாள், திட்டிக்கொண்டே ஓடினாள். எல்லைக்கோட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால் பின்னால் இன்னும் மூன்று பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

கணவன் வேலியோரம் நின்றிருந்தான். அவள் பெயரைச் சொல்லிக் கத்திக் கத்தி அவன் தொண்டை கட்டியிருந்தது.

"சைக்கிளைக் குடு, கார்ல ஏத்திடறேன். களைச்சுப் போயிருப்பே."

"பையை மட்டும் எடுத்துட்டுப் போங்க."

"நீ?"

"நான் ஓட்டிட்டே வரேன்."

"வீடு எவ்வளவு தூரம்னு தெரியுமா?"

"தெரியும்," என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.