இடப்பக்கத்து ஸ்பீக்கர்

மாரிக்கண்ணன் வீட்டுக்கு அழகுமீனா மூன்றாவது முறையாக வந்திருந்தாள். சிவகாசியில் ஹோம் தியேட்டர் விற்று, வீட்டுக்கே வந்து மாட்டிக்கொடுக்கும் கடை அவளுடையது. முதல்முறை வயரை மாற்றினாள். அடுத்தமுறை இடப்பக்கத்து ஸ்பீக்கர்கள் இரண்டையும் மாற்றினாள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆம்ப்ளிஃபயரையே புதிதாகக் கொண்டுவந்து மாட்டிவிட்டு ரிமோட்டை அழுத்தினாள்.

பாட்டு தொடங்கியது. எதிரே வயலின் இழைந்தது. வலப்பக்கம் பின்மூலையில் கிளம்பிய தவில் அறையைச் சுற்றிக்கொண்டு இடப்பக்க மூலைக்குப் போய் நின்று அதிர்ந்தது. அங்கிருந்தே சலங்கைச் சத்தம் ஒன்று எழுந்தது. அடுப்படி வாசலில் நின்ற இருளம்மாள், கரண்டியும் கையுமாக அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரோ கொலுசு போட்டுக்கிட்டு என் பின்னால ஓடுற மாதிரியே இருக்குத்தா!" என்று சிரித்தாள்.

சோபாவில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் மாரிக்கண்ணன் சிரிக்கவில்லை.

"நிறுத்து. இடப்பக்கம் இப்பவும் செத்துத்தான் கெடக்கு."

"நல்லா கேக்குது மாமா."

"அப்ப நான் பொய் சொல்லுதேனா? பளைய சரக்கைத் தலையில கட்டிட்டு மூணு வாரமா ஏமாத்துத. நாளைக்குக் கடைவீதியில நின்னு சொல்லுவேன், பாத்துக்க."

அழகுமீனாவுக்கு முகம் சிவந்தது. கடை திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 'ஒரு பொம்பளைக்கு என்ன தெரியும்' என்று சொல்லக் காத்திருப்பவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பாட்டை நிறுத்தினாள்.

"காப்பி குடிக்கீகளா?" என்று இருளம்மாள் வாசலிலிருந்து கேட்டாள். அடுப்படி மாரிக்கண்ணனுக்கு இடப்பக்கம் இருந்தது. அவர் அசையவில்லை. இருளம்மாள் சோபாவைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து அதையே கேட்டாள். "கொண்டா" என்றார். அவள் முகத்தில் சலிப்பில்லை. நாளும் நடக்கிற காரியம்போல அவள் பாட்டுக்குத் திரும்பிப் போனாள்.

அழகுமீனா அவருடைய இடது காதையே பார்த்தாள்.

"மாமா, ஒரு நாற்காலியை நடுவுல போட்டு, டிவிக்கு முதுகு காட்டி உக்காருங்க."

"எதுக்கு?"

"உக்காருங்களேன்."

முணுமுணுத்தபடி உட்கார்ந்தார். அவள் பாட்டைப் போடவில்லை. ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் தனித்தனியாக 'ஷ்ஷ்' என்று இரைச்சல் வரும் சோதனையைப் போட்டாள். இத்தனை நாள் செத்துக் கிடந்ததாக அவர் சொன்ன மூலை இப்போது அவருக்கு வலப்பக்கம்.

"இது கேக்குதா?"

"கேக்குது. இப்பத்தான் சரி பண்ணியிருக்க."

"நான் எதையும் தொடலை. அடுத்தது கேளுங்க." இரைச்சல் மறுபக்கத்துக்குப் போனது.

அவர் கழுத்தைச் சாய்த்தார். நெற்றி சுருங்கியது. மெல்லத் திரும்பிப் பார்த்தார். இத்தனை நாளும் அவருக்கு நன்றாகக் கேட்ட வலப்பக்கத்து ஸ்பீக்கர்தான் அது.

இருளம்மாள் டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள். "ஆறு மாசமா சொல்லுதேன்" என்றாள் தாழ்ந்த குரலில். "காதுல அழுக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தீக."

அழகுமீனா இரைச்சலை நிறுத்தினாள். அவளுக்கு வேறொரு நினைப்பு ஓடியது. மாரிக்கண்ணன் அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். அவளுடைய அம்மா பொன்னுத்தங்கம் அவருக்குக் கீழேதான் பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் வேலை பார்க்கிறாள். வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா சொல்லியிருந்தாள். மருந்துக் கலவை சூடாகிறதென்று அம்மா கத்தினாளாம், ஃபோர்மேன் காதில் வாங்காமல் நடந்தாராம். யாரோ கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் எல்லோரையும் வெளியே விரட்டினாராம். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

"மாமா, வியாழக்கிழமை எங்க அம்மா எந்தப் பக்கம் இருந்து கத்துச்சு?"

அவர் கை இடது காதுக்குப் போனது.

"மேனேஜர்கிட்ட சொல்லிருங்க."

"சொன்னா? ஃபோர்மேன் வேலை போச்சு. இந்த சீசன் முடியட்டும்."

"அதுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா? நாளைக்கே சொல்லணும். இல்லேன்னா நான் சொல்லுவேன்."

"என் வீட்டுல நின்னுக்கிட்டு என்னையவே மெரட்டுதியா? போ வெளிய!"

அவள் கருவிகளைப் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். ஸ்க்ரூடிரைவர் ஒன்று விழுந்து உருண்டது. அதை எடுக்கக் குனியாமலே போய்விட்டாள்.

வீட்டில் அம்மா அவள் சொன்னதை நம்பவில்லை. "பதினோரு வருசமா எங்களைக் கட்டிக் காத்த மனுசன். ஸ்பீக்கர் விக்கிறவளுக்குக் காது வைத்தியம் தெரியுமோ?" திங்கட்கிழமை காலையில் அழகுமீனா வாசலை மறித்து நின்று பார்த்தாள். பொன்னுத்தங்கம் அவளை ஒதுக்கிவிட்டு ஆலை வேனில் ஏறினாள். வழக்கமாக அதே வேனில் போகும் மாரிக்கண்ணன் அன்று அதில் இல்லை.

ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. மேனேஜர் நம்பருக்கு ஒன்பது மணியிலிருந்து கூப்பிட்டாள். யாரும் எடுக்கவில்லை. கடையில் ஒரு பாட்டைக்கூட அவளால் போட முடியவில்லை. தெருவில் லாரிக் கதவை யாராவது அடித்துச் சாத்தினாலும் எழுந்து வாசலுக்குப் போனாள். மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து, அப்படியே மூடினாள்.

ஐந்து மணிக்கே கடையைப் பூட்டிவிட்டு வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஐந்தரைக்கு வேன் வந்தது. அம்மா தானே இறங்கி நடந்து வந்ததைப் பார்த்ததும் அவள் எதிரே ஓடினாள்.

"ஃபோர்மேன் விடிய முன்னாடியே பைக்குல ஆலைக்குப் போயிட்டாராம்" என்றாள் பொன்னுத்தங்கம், நிலைப்படியிலேயே உட்கார்ந்து. "மேனேஜர், தீபாவளி வரைக்கும் வாயைத் திறக்காம இருங்கன்னாரு. இவரு கேக்கலை. எங்க எல்லாரு முன்னாடியும் சொன்னாரு, என் இடது காது கேக்காது, வேற ஆளு வர்ற வரைக்கும் ஒருத்தரும் மருந்து ரூமுக்குள்ள போகக் கூடாதுன்னு. கதவுல சாஞ்சு நின்னுக்கிட்டாரு. பதினொரு மணி வரைக்கும் வேலை ஓடலை."

"இப்ப?"

"வேற யூனிட்டுல இருந்து ஆளு வந்துருச்சு. இவரைப் பெட்டி கட்டுற இடத்துக்குப் போட்டாச்சு. நாளைக்கு விருதுநகருல காது டாக்டரைப் பாக்கப் போறாரு." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உன் மேல கோவமாத்தான் இருக்காரு. உன் பேரைச் சொன்னதும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு."

"இருந்துட்டுப் போகட்டும்மா" என்றாள் அழகுமீனா. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.