அர்த்தனாரியின் அமுதமும் இருபது மிளகு நாத்தும்

மலைமேல் வளப்பூர் நாட்டில் அர்த்தனாரி வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் கை காட்ட மாட்டார்கள். "மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க, எங்கே பிடி தாங்கலையோ அதான் ஊடு" என்பார்கள். அழுகின பலாப்பழம், வெல்லம், புளிச்ச மோர், மாட்டுக் கோமியம் எல்லாம் போட்டு ஒரு டிரம்மில் ஊற வைத்திருந்தார் மனுசன். அதற்குப் பேர் அமுதமாம்! வாரத்துக்கு ரெண்டு நாள் அதைக் குடத்தில் மொண்டு, மேட்டுக்காட்டு மிளகுக் கொடிகளுக்குச் சுமந்து போய் ஊற்றுவார். மூணு வருசமாக இதே வேலை. முழங்கால் ரெண்டும் போயே போச்சு.

அவர் சம்சாரம் பாவாயிக்கு நாத்தம்கூடப் பெரிசில்லை, அந்த முழங்கால்தான் பெரிசு. ஒருநாள் நேருக்கு நேராகக் கேட்டேவிட்டாள்.

"ஏனுங்க, அது நெசமாவே வேலை செய்யுதா? சோதிச்சுப் பாப்போம். செய்யலைன்னா டிரம்மைக் கவுத்திருங்க. செஞ்சுதுன்னா இனிமே நீங்க சுமக்க வேண்டாம், நான் சுமக்கறேன்."

"நீயா? போன ஐப்பசியில வழுக்கி விழுந்து இடுப்ப ஒடிச்சுக்கிட்டவ நீதான?"

"இடுப்பு எனக்குத்தான இருக்குது, உங்களுக்கென்ன?" என்று முடித்துவிட்டாள். அவள் ஒண்ணு சொன்னால் சொன்னதுதான்.

காலேஜில் தாவரவியல் படிக்கும் மகள் சங்கீதா லீவுக்கு வந்து எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தாள். பையில் பதிச்ச மிளகு நாத்து இருபது. நல்லா கொழுகொழுவென்று இருந்த பத்தை அர்த்தனாரி நைசாகத் தன் பக்கம் நகர்த்தினார்.

"அப்பா, கையை எடுங்க! நல்ல புள்ளைகளா நீங்களே பொறுக்கிக்கிட்டா அப்புறம் ஜெயிச்சது அமுதமா, புள்ளைகளான்னு எப்படித் தெரியும்?" என்று சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரித்தாள். பத்துக்குச் சிவப்பு நூல், அதுக்கு அமுதம். பத்துக்கு வெள்ளை நூல், அதுக்கு வெறும் தண்ணி. ஒரே மண்ணு, ஒரே நிழல், ஒரே சொம்பு அளவு. "ஒண்ணே ஒண்ணு மட்டும்தான் மாறணும்ப்பா. நாப்பது நாள் கழிச்சு எலை எண்ணுவோம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

நாப்பதாம் நாள் வந்து எண்ணினாள். சிவப்பில் அறுபத்தெட்டு, வெள்ளையில் அறுபத்தேழு.

பாவாயி எழுந்து டிரம்மைப் பார்த்து நடந்தாள். ஆனால் சங்கீதா வெள்ளை நூல் கட்டின பை ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். குப்பென்று அடித்தது.

"அப்பா?"

அர்த்தனாரி கூரையைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார், அப்புறம் அழமாட்டாத குறையாகச் சொன்னார். "என்ன பண்றது சாமி! ஒரே கொட்டாயில பத்துக்கு விருந்து வெச்சு, பத்துக்கு வெறும் தண்ணி ஊத்தறதா? அதுக மொகத்தைப் பாத்தா பாவமா இருந்துச்சு. ஒரு சொம்பு... தெனமும் ஒரே ஒரு சொம்பு..."

அட கடவுளே! தான் ஜெயிக்க வேண்டிய சோதனையில் எதிராளிக்குச் சோறூட்டித் தோத்த ஆளை நீங்கள் வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா? பாவாயி தலையில் அடித்துக்கொண்டாள். புதுசாக இருபது நாத்து, புதுசாகச் சீட்டு. இந்தத் தடவை ஊற்றுகிற பொறுப்பு பாவாயிக்கு. அவளுக்கு இந்த இரக்கமெல்லாம் கிடையாது.

நாள் போகப் போக அர்த்தனாரிக்குத் தூக்கம் போச்சு. சிவப்பு நூல் செடிகள் தளதளவென்று ஏறுகின்றன. மூணு வருச உழைப்பு வீண் போகவில்லை என்று நெஞ்சு நிமிரும். அடுத்த நிமிசமே, மேட்டுக்காட்டுக்குப் போகிற வழுக்குப் பாறையில் குடத்தோடு பாவாயி ஏறுகிற கோலம் கண்ணில் நிற்கும், நிமிர்ந்த நெஞ்சு அப்படியே சுருங்கிவிடும். ஜெயிச்சாலும் வம்பு.

நாப்பதாம் நாள் காலையில் சங்கீதா எண்ணினாள். சிவப்பு ஐம்பத்திரண்டு, வெள்ளை ஐம்பத்தொண்ணு.

"தோத்துட்டேன். டிரம்மைக் கவுத்திரு" என்றார் அர்த்தனாரி. தோத்த முகத்தில் அத்தனை சந்தோசத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சங்கீதா குனிந்து பார்த்தாள். சிவப்பு நூல் செடிகளில் இலை இல்லாமல் காம்பு மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. ஒன்றா ரெண்டா, பத்தொன்பது! "அப்பா, மடியில என்னங்க?"

வேட்டி மடியிலிருந்து பத்தொன்பது மிளகு இலை பொலபொலவென்று உதிர்ந்தது.

"அப்ப எழுபத்தொண்ணு, ஐம்பத்தொண்ணு. உங்க அமுதம் வேலை செய்யுதுங்கப்பா" என்றாள் சங்கீதா. அர்த்தனாரி ஒரு துள்ளுத் துள்ளினார். திரும்பினால் பாவாயி குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள, நான் கிள்ளினதே நீ சுமக்கக் கூடாதுன்னுதான..."

"தெரியுதுங்க," என்றாள் பாவாயி. "ஆனா பொய் சொல்லி டிரம்மைக் கவுத்திருந்தா, மூணு வருசம் உங்க காலு தேஞ்சது அத்தனையும் வீண்னு இல்ல நான் நம்பியிருப்பேன்?" குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அர்த்தனாரி மகளிடம் மெதுவாகக் கேட்டார். "கண்ணு, பாதிக் குடமே போதுமான்னு ஒருக்கா சோதிக்க முடியுமா?"

"முடியுங்கப்பா. ஆனா நீங்க..."

"எனக்குத் தெரியுஞ் சாமி. செடியப்பூரா பக்கத்து ஊட்டு சென்னம்மா கொட்டாயில கொண்டு போயி வெச்சிரு. எதுக்கு எவ்வளவு ஊத்தறதுன்னு எனக்குச் சொல்லவே சொல்லாத. எலையும் நான் எண்ண மாட்டேன்." பாவாயி இடுப்பிலிருந்த குடத்தைப் பிடுங்கிக்கொண்டார். "இந்த வாட்டி பதில் தப்பா வந்து முழுக் குடம்தான்னு ஆச்சுன்னா அவ இடுப்பு இல்ல போகும்."