ஏழாவது குரல்

ஏழு என்ற குரல் கொஞ்சம் தடிமனாகக் கேட்டது. மைரா சிக்காய்சாவுக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

ஏரிக்கரையில் பனிமூட்டம் இறங்கி, நீட்டிய கை தெரியாத நேரம். ராணுவப் பள்ளியின் கடைசி வருஷ மாணவியான அவள்தான் அன்றைய நடைப்பயிற்சிக்கு லீடர். பின்னால் முதல் வருஷப் பிள்ளைகள் ஒன்பது பேர், முதுகில் மூட்டையும் துப்பாக்கியுமாக. நின்ற இடத்திலெல்லாம் அவர்கள் ஒன்று, இரண்டு என்று வரிசையாக எண் சொல்ல வேண்டும். ஒன்பதில் வந்து முடிந்தால் எல்லாரும் இருக்கிறார்கள். லீடர் ரேடியோவில், முகாமில் இருக்கும் கேப்டனிடம் 'குறையில்லை' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம்.

ஏழு, இந்த்ரியாகோவின் எண். மான்டா துறைமுகத்துப் பையன். பேசினால் கீச்சென்று இருக்கும். இந்த ஏழோ, ஆறாவதாக நின்ற தபூய் இன்னொரு தடவை வாயைத் திறந்த மாதிரி இருந்தது. குளிரில் தொண்டை கட்டியிருக்கும் என்று மைரா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஏற்கெனவே தாமதம். இந்த நடையில் கிடைக்கும் மதிப்பெண்தான் அவளுக்குக் கடைசி. ஆகஸ்டில் தோளில் நட்சத்திரம் ஏறும். அம்மா மலை ஊரான லட்டகுங்காவின் சந்தையில் வறுத்த பன்றிக்கறி விற்கிறவள். மகள் அதிகாரியாகப் போகிறாள் என்று மேளம் கொட்டாத குறையாக ஊருக்கே சொல்லி வைத்திருந்தாள். மைரா ரேடியோவை எடுத்தாள்.

"குறையில்லை, கேப்டன் சார்."

மேட்டைத் தாண்டி ஒரு பண்ணையின் கல்வேலி. அதில் ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய இடைவெளி. உள்ளே வருகிறவனின் மூட்டையை ஒவ்வொன்றாகத் தொட்டு அனுப்பினாள் மைரா. எட்டாவது மூட்டைக்குப் பிறகு யாரும் வரவில்லை. வெள்ளைப் பனிதான் வந்துகொண்டிருந்தது.

"இந்த்ரியாகோ எங்கடா?"

எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"தபூய்! உன்னைத்தான் கேக்கறேன்."

"வந்துடுவான் லீடர்," என்றான் தபூய். "ஏரிக்கு முன்னாலயே பூட்ஸுக்குள்ள தண்ணி போயிடுச்சு. சாக்ஸ் மாத்திட்டு ஓடி வந்துடறேன், அதுவரைக்கும் பாத்துக்கடான்னான். அதான்..."

"அதான் அவன் நம்பரையும் நீயே சொன்னியா?"

"எப்பவும் சொல்றதுதானே லீடர்."

எப்பவும் சொல்வதுதான். அந்தப் பள்ளியில் வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே பிள்ளைகள் கற்றுக்கொள்வது இது. காலையில் ஒருவன் கழிப்பறையில் மாட்டிக்கொண்டால் பக்கத்துக் கட்டில்காரன் அவன் எண்ணைச் சொல்லிவிடுவான். சொல்லாதவனைக் காட்டிக்கொடுக்கிறவன் என்று வருஷம் முழுக்கப் பேசமாட்டார்கள். பெரிய வகுப்புக்காரர்கள் அறிந்தும் அறியாதவர்கள் போல இருப்பார்கள். அதற்கு ஒற்றுமை என்று பெயரும் வைத்திருந்தார்கள். படுக்கை அறையில் அது விளையாட்டு. இந்த மேட்டில், முழங்கால் உயரப் புல்லும் சேறுமாக வழி எது என்றே தெரியாத இடத்தில், ஈரக் காலோடு ஒரு பிள்ளை.

விசில்களை ஊதச் சொன்னாள். ஊதினார்கள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். காற்றுச் சத்தம்தான்.

"அந்தக் குரங்கு எங்கயாவது உக்காந்து மீனைக் கனவு கண்டுட்டு இருக்கும்," என்று ஒருவன் சிரிப்புக் காட்டப் பார்த்தான். கடற்கரைப் பிள்ளைகளை மலைப் பிள்ளைகள் கூப்பிடுவது குரங்கு என்றுதான். யாரும் சிரிக்கவில்லை. சொன்னவனே பிறகு அழ ஆரம்பித்தான்.

மைகுவா என்பவன் கொஞ்சம் விவரம் தெரிந்தவன். மெல்ல அவள் பக்கத்தில் வந்தான்.

"லீடர், இப்பதான் காணோம்னு சொல்லிடுங்க. இந்த வேலி வரைக்கும் கூடத்தான் வந்தான், திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம்னு. நாங்க எட்டுப் பேரும் அதையே சொல்றோம். நீங்க ஏரியில சொன்னதும் பொய்யாகாது."

ஆசையாகத்தான் இருந்தது. ஏரியிலேயே அவன் இல்லை என்று ஒப்புக்கொண்டால், அவள் சொன்ன 'குறையில்லை' பொய்யாகிவிடும். தவறான தகவல் கொடுத்தவனுக்கு அந்தப் பள்ளியில் மன்னிப்பே கிடையாது. போன வருஷம் ஒருத்தனைப் பெட்டியோடு வாசலில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் வேலி வரை வந்தான் என்றால் வேலியிலிருந்துதான் தேடுவார்கள். தேடுகிற படை முழுக்கக் கீழே பள்ளத்தாக்கில் இறங்கிவிடும். அவனோ ஏரிப் பக்கம். இன்னும் கொஞ்ச நேரத்தில் இருட்டிவிடும். அதற்கப்புறம் எங்கே போய்த் தேடுவது?

ரேடியோவின் பொத்தானை அமுக்கினாள். விட்டாள். மறுபடி அமுக்கினாள்.

"கேப்டன் சார், சிக்காய்சா. ஏழாம் எண் இல்லை. இந்த்ரியாகோ."

"எங்கிருந்து இல்லை?" கேப்டன் வியாசிஸ் கத்துகிற ஆள் இல்லை. அதுதான் பயம்.

"ஏரிக்கு முன்னாலயிருந்து, சார். நான் குறையில்லைன்னு சொன்னப்பவே அவன் இல்லை."

"தெரிஞ்சா சொன்னே?"

எட்டு முகங்களும் அவளையே பார்த்தன. தெரியாது என்று சொல்ல இன்னும் இடம் இருந்தது.

"குரல் அவனோடது இல்லைன்னு சந்தேகம் வந்துச்சு, சார். கேக்காம விட்டுட்டேன்."

ரேடியோ கரகரத்தது. பிறகு, "நாங்க ஏரிக்குப் போறோம். நீ அங்கயே இரு. தேடறேன்னு கிளம்பிடாதே. மத்தவங்கள்ல ஒருத்தன் குறைஞ்சாலும் உன்னை நான் சும்மா விடமாட்டேன்."

ஓடவேண்டும் போல இருந்த காலைக் கட்டிப்போட்டு உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் மைராவுக்குத் தெரிந்தது. வேலியோரமாகப் பிள்ளைகளை ஒட்டி உட்காரவைத்து, ஒரே கயிற்றால் இடுப்பைச் சேர்த்துக் கட்டினாள். வறுத்த வாற்கோதுமை மாவையும் வெல்லத்தையும் பிரித்துக் கொடுத்தாள். தபூய் முழங்காலில் முகம் புதைத்து, "நான் கொன்னுட்டேன், நான் கொன்னுட்டேன்" என்று முனகிக்கொண்டிருந்தான். வாயை மூடுடா என்று அதட்டினாள். அதட்டிய கையோடு அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். யாருக்காகப் பிடித்துக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியாது. தெரிந்த புனிதர்களை எல்லாம் கூப்பிட்டாள், தெரியாதவர்களையும் கூப்பிட்டாள்.

பனி வெள்ளையிலிருந்து சாம்பலாக மாறிய நேரத்தில் ரேடியோ பேசியது.

"கிடைச்சுட்டான். உயிர் இருக்கு."

அன்றிரவு முகாம் கூடாரத்தில் கேப்டன் அவளை உட்காரச் சொல்லவில்லை. கையை நீட்டினார். அவள் தோளிலிருந்து லீடர் பட்டையைக் கழற்றிக் கொடுத்தாள்.

"திங்கட்கிழமை விசாரணை. தபூயும் வரணும். பள்ளியில இருப்பியா போவியான்னு எனக்குத் தெரியாது. கேட்டா நடந்ததைச் சொல்லுவேன், ஏரியில நடந்தது, வேலியில நடந்தது, எல்லாத்தையும்." பட்டையைப் பையில் போட்டுக்கொண்டார். "போய் அவனைப் பாத்துட்டு வா."

தேடப் போயிருந்த கார்ப்ரல் வாசலில் நின்று பூட்ஸின் சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தார். "விசில் ஊதினோம், பேரைச் சொல்லிக் கத்தினோம், பதிலே இல்லம்மா. புல்லுக்குள்ள சுருண்டு கிடந்தான். என் கால் இடறுச்சு, பொழைச்சான்."

இந்த்ரியாகோ கம்பளிகளுக்குள் கிடந்தான். உதடு இன்னும் நீலம். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"படுடா. விசில் சத்தம் உனக்குக் கேக்கவே இல்லையா?"

"கேட்டுச்சு லீடர். பக்கத்துலயே கேட்டுச்சு." கீச்சுக் குரல் பாதி காற்றாக வந்தது. "கேப்டன் சாரோட விசில். அதான் பதில் குடுக்கல."

"என்னடா சொல்றே?"

"குடுத்திருந்தா மாட்டியிருப்போமே! தபூய் என் நம்பரைச் சொல்லியிருப்பான், நீங்க குறையில்லைன்னு சொல்லியிருப்பீங்க. ஏரிக்கு முன்னாலயிருந்தே நான் கத்தினா அது பொய்னு தெரிஞ்சிடுமே, உங்க கதி என்ன ஆகறது? வாயைப் பொத்திக்கிட்டுப் படுத்துட்டேன். உங்களை நான் காட்டிக்குடுக்கல லீடர்."

நடுங்குகிற முகத்தில் பெருமை தெரிந்தது. சபாஷ் என்று சொல்லுவாள் என்று காத்திருந்தான்.

"நானே சொல்லிட்டேன்டா," என்றாள் மைரா. "ஏரியில பொய் சொன்னேன்னு கேப்டன்கிட்ட நானே சொன்னேன். அதனாலதான் உன்னைத் தேடி வந்தாங்க."

அவன் முகம் விழுந்துவிட்டது. காலியாக இருந்த அவள் தோளை அப்போதுதான் பார்த்தான்.

"ஐயோ, ஏன் லீடர் சொன்னீங்க? இன்னும் கொஞ்ச நேரம் நான் தாங்கியிருப்பேனே."

அவளுடைய ஒரு வார்த்தையைக் காப்பாற்ற, வாயைப் பொத்திக்கொண்டு இந்தப் பிள்ளை செத்தே போயிருப்பான். கம்பளிக்கு மேலே அவன் கால்களைப் பிடித்துக்கொண்டாள். மேட்டில்கூட அவள் இப்படிப் பயந்ததில்லை.