திருப்பிச் சொல்லாத ஆர்டர்

என் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கோலசிலாங்கூரில் கடை நடத்திய காலத்தில் நான் "ரொட்டி ரெண்டு, வருது!" என்று கூவினால், ஆற்று முகத்துவாரத்தில் படகுகள் கரை திரும்பும். மின்மினிகள் பகலிலேயே ஒருமுறை எரிந்து அணையும். என் மனைவி சுபைதா இதை நம்பமாட்டாள். என்னைக் கட்டிய நாளிலேயே அவள் செவி மந்தமாகிவிட்டது, பாவம்.

கடையில் ஒரே ஒரு சட்டம். வாடிக்கையாளர் கேட்டதைக் கல்லாவிலிருந்து ராகம் போட்டுச் சொல்ல வேண்டும். அடுப்படி, அதாவது நான், அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாத ஆர்டர், வராத ஆர்டர். என் மகள் நாதியா பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் கல்லாவில் ராகம் போட்டே வளர்ந்தவள்.

இப்போது கடை மச்சான் ஜாபர் கையில். நாங்கள் சுங்கை புரோங்கில், நெல் வயலுக்கு நடுவே. நாதியா படித்தது கணக்கு. வாய்த்ததோ மென்பொருள் எழுதும் ஒரு சின்னக் கம்பெனியில் தற்காலிக வேலை. ஆறு மாதப் பழக்கம்தான். டெவலப்பர் சான்றிதழ் பரீட்சையில் தேறினால்தான் நிரந்தரம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"இல்லேன்னா?" என்று கேட்டேன்.

"இல்லேன்னா ஜாபர் மாமா கல்லாதான், வாப்பா."

சிறைக்குப் போகிறவள் மாதிரிச் சொன்னாள். ஜாபர் கல்லா நாற்காலிக்குப் புது மெத்தையே தைத்து வைத்துவிட்டான். அதுதான் அவளை ரொம்பக் கலக்கியது.

வயலுக்குத் தண்ணீர் விட்டிருந்த மாதம் அது. மதியங்களில் தண்ணீரின் வெளிச்சம் கூரையில் நெளியும். அவள் முகத்திலும் நெளியும். கடலுக்கடியில் உட்கார்ந்து படிக்கிறவள் போல இருப்பாள். நான் தேத்தண்ணியோடு போய்த் திரையை எட்டிப் பார்ப்பேன். எழுத்தெல்லாம் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட எறும்புக் கூட்டம்.

"மத்தவங்க அஞ்சு வருசம் வேலை பார்த்துட்டு எழுதுறாங்க. எனக்கு வர்ற கேள்வியெல்லாம் நான் பார்க்காததா இருக்கு."

"பார்க்காத ஆள் வந்தா கடையைச் சாத்துவோமா, புள்ள?"

"இது ரொட்டிக் கடை இல்ல, வாப்பா. சும்மா இருங்க லா."

இருந்தேன். ஆனால் அவளால்தான் சும்மா இருக்க முடியவில்லை. நிரலைப் படிக்கும்போதெல்லாம் வாய் தானாகக் கல்லா ராகத்தில் முணுமுணுக்கும். பரீட்சையோ வீட்டிலிருந்து கணினியில் எழுதுவது. கடல் தாண்டி ஒருவர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். உதடு அசைந்தால் எச்சரிக்கை. வேறு குரல் கேட்டால் பரீட்சையே ரத்தாகலாம்.

சுபைதா வைத்தியம் சொன்னாள். உதட்டுக்கு நடுவே ஒரு கிராம்பு, முணுமுணுத்தால் விழுந்துவிடும். அந்த வாரம் தரையில் பொறுக்கிய கிராம்பில் ஒரு கல்யாணத்துக்கே பிரியாணி போட்டிருக்கலாம்.

பரீட்சையன்று வாயில் எதுவும் இருக்கக் கூடாதாம். கிராம்பு போயிற்று. காவலுக்கு நான். கேட்டுக்குச் சங்கிலி போட்டேன். பக்கத்து வீட்டுச் சேவலைக் கூடையில் கவிழ்த்தேன். காற்றைக்கூட வேறு பாதையில் போகச் சொன்னேன். உலகத்தையே பூட்டிவிட்டு அடுப்படியில் தேத்தூள் டப்பாவைத் திறந்தபோது, அறைக்குள்ளிருந்து ஒரு நிரல் வரி அந்த ராகத்தில் கசிந்து வந்தது.

"ரிட்டர்ன் ரெண்டு..."

நானா சொன்னேன்? நாற்பது வருடப் பழக்கம் சொன்னது:

"ரெண்டு, வருது!"

வயலிலிருந்த கொக்கெல்லாம் எழுந்தன. கணினியிலிருந்து ஒரு குரல், யார் அங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டது. நாதியா கணினியைத் தூக்கி நான்கு சுவரையும், கட்டிலடியையும் காட்டினாள். இன்னொரு குரல் கேட்டால் அத்தோடு முடிந்தது என்றது அந்தக் கணினிக் குரல்.

சுபைதா என் கைலியைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வாசலில் விட்டாள். "போங்க! கண்ணு காணாத இடத்துக்குப் போங்க!" என்றாள் காதோடு.

வரப்பு தீரும்வரை நடந்து, வாய்க்கால் கரையில் தென்னை நிழலில் உட்கார்ந்தேன். தண்ணீரில் எங்கள் வீடு தலைகீழாக மிதந்தது. அதன் ஜன்னலுக்குள் மேகங்கள் போய் வந்தன. என் மகளுடைய கம்பெனி நாற்காலி அந்த மேகத்தில்தான் இருக்கிறதென்று தோன்றியது. ஒரு சத்தம் போட்டால் கலைந்துவிடும். மூச்சைக்கூடக் கடனாக வாங்கிச் சிக்கனமாக விட்டேன். மீன் ஒன்று துள்ளியது. அதை முறைத்தேன். வெயில் தண்ணீரில் கரைந்து, கரை எது வானம் எது என்று தெரியாமல் நானும் கொஞ்சம் கரைந்துபோனேன்.

"வாப்பா! தே தாரேக் ஒண்ணு!"

வீட்டு வாசலிலிருந்து, முழு ராகத்தோடு, நுரை பொங்க ஆற்றிய தேத்தண்ணிக்கு ஆர்டர்.

இரண்டு கையாலும் வாயைப் பொத்தினேன். தொண்டைக்குள் பதில் பொங்கிய பாலாக ஏறியது. விடவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன். வாழ்க்கையில் நான் திருப்பிச் சொல்லாத முதல் ஆர்டர்.

அவளே சேறு தெறிக்க வரப்பில் ஓடி வந்தாள்.

"ஏன் வாப்பா பேச மாட்டேங்கிறீங்க?"

வாயைப் பொத்தியபடியே வீட்டைக் கண்ணால் காட்டினேன்.

"முடிஞ்சிருச்சு வாப்பா. எல்லாத்தையும் மூடிட்டேன்."

கையை எடுத்தேன். "அந்த ஆளுக்குக் கேக்காதே?"

"கேக்காது." சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன அவளுக்கு. "பாஸ், வாப்பா."

"அப்படிச் சொன்னா எப்படி? முறையாச் சொல்லு."

இடுப்பில் கை வைத்து, மூச்சை இழுத்து, ராகம் போட்டாள்: "பாஸ் ஒண்ணு!"

"பாஸ் ஒண்ணு, வந்துருச்சு!"

பக்கத்து ஊர் தஞ்சோங் காராங்கின் படகெல்லாம் கரை திரும்பின. கோலசிலாங்கூரில் ஜாபர் அந்தப் புது மெத்தையில் தானே போய் உட்கார்ந்துகொண்டான்.