எதிரில் ஒரு வாய்

தும்மல் வந்தால் எல்லோரையும் போல ரேடியோவும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொள்வாள். ஆனால் அவளுடையது சாதாரணத் தும்மல் அல்ல. சுவரில் காறை உதிரும், மாடியில் இருக்கும் பல் டாக்டர் தப்பான பல்லைப் பிடுங்கிவிடுவார், அப்பேர்ப்பட்ட தும்மல். அன்றைக்கு அது வெளியே வராமல் மூக்கு நுனியில் நின்றுகொண்டு வேடிக்கை காட்டியது. அவளும் விடாமல், ஒரு கையால் வாயைப் பொத்தியபடியே மறு கையால் அடுத்த பட அட்டையைத் தூக்கிக் காட்டினாள். அட்டையில் ஒரு பூட்டு. எதிரே கைத்தடியை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்த தரகர் படத்தைப் பார்த்தார், கைக்குட்டையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார், மறுபடி கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறக்கவே இல்லை. கடைசியில் தும்மல் ஏமாற்றிவிட்டுப் போய்விட்டது. கைக்குட்டை இறங்கியது.

"பூட்டு," என்றார் தரகர், கணீரென்று.

"சபாஷ் ஐயா!" என்று ரேடியோ மேசையைத் தட்டினாள். அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவளைக் கண்காணித்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளருக்குத்தான் உறைத்தது. அந்த மேடத்துக்கு மாணவர்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. எறும்பு முகம் சுளித்தால்கூட, எந்தக் கண்ணைச் சுளித்தது என்று சொல்லிவிடுவார் என்பார்கள்.

ரேடியோ என்பதும் உடன் படிப்பவர்கள் வைத்ததுதான். அணைக்கும் பித்தான் இல்லாத பிறவி. முன்பு கால் சென்டரில் வேலை பார்த்தாள். ஃப்ரிட்ஜ் ஓடவில்லை என்று திட்டுவதற்காகப் போன் போட்டவர்கள், இவளிடம் பேசி முடித்தபின் இன்னொரு ஃப்ரிட்ஜ் வாங்கிக்கொண்டு போனை வைப்பார்களாம். அந்த வேலையை உதறிவிட்டு, "இந்த வயசுல என்னடி படிப்பு" என்று பெற்ற தாயே தலையில் அடித்துக்கொண்ட வயதில், பேச்சுப் பயிற்சியாளர் ஆவதற்கான முதுகலைப் படிப்பில் சேர்ந்தாள். பேசுவதற்கும் ஒரு பட்டமா என்று சொந்தக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உள்ளே வந்து பார்த்தால், படிப்பில் முக்கால்வாசி வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதுதான். பக்கவாதத்தில் பேச்சை இழந்த ஒருவர் ஒரு சொல்லுக்காகத் தவிக்கும்போது, அதை எடுத்து அவருக்கு ஊட்டிவிடக் கூடாது. எதிரில் இருப்பவரின் வாக்கியத்தை முடித்து வைப்பதையே பிறவிப்பயனாக வைத்திருந்த ரேடியோவுக்கு அதைவிடப் பெரிய சித்திரவதை உண்டா!

ஒரே ஒரு சலுகை உண்டு. முதல் ஒலியை மட்டும் எடுத்துக் கொடுக்கலாம். "பூ..." என்று தொடங்கினால் மீதி அவரிடமிருந்து உருண்டு வரும். அந்த உதவியையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒருநாள் அடியோடு நிறுத்திவிட வேண்டும். சைக்கிள் பழகுபவனின் பின்னால் ஓடுகிறவர் சத்தமில்லாமல் கையை எடுத்துவிடுவதைப் போல. ரேடியோவும் எடுத்துவிட்டாள். எடுத்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வீடு விற்பதில் தரகர் எப்பேர்ப்பட்ட வாய்க்காரர் என்பதை அவர் மனைவி சொல்லித்தான் கேட்க வேண்டும். கூரையில் ஓட்டை இருந்தால் "நிலா வெளிச்சம் இலவசம்" என்பாராம். சுடுகாட்டுக்கு அடுத்த வீட்டை "ராத்திரியில் ஒரு குரல் கேட்காது, அவ்வளவு நல்ல அக்கம்பக்கம்" என்று தள்ளிவிட்டாராம். ஒருமுறை, வீட்டை விற்க வந்தவனுக்கே அவன் வீட்டை விற்றுவிட்டார் என்பாள் அந்த அம்மாள். கேட்பவர் முகத்தில் நம்பிக்கை தெரிந்தால் இரண்டு முறை என்பாள். அந்த வாயில் பக்கவாதத்துக்குப் பிறகு மிஞ்சியது "அது... அது..." மட்டும். மற்றவர்கள் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். சொல்ல வேண்டிய இடத்தில்தான் ஒன்றும் இல்லை.

அவரைத்தான் ரேடியோவின் கடைசித் தேர்வுக்குக் கொடுத்தார்கள். படி, மாடி, வாசல், பூட்டு என்று ஒரு வீடே திரும்பி வந்துகொண்டிருந்தது. "ஐயா தானாவே பேச ஆரம்பிச்சுட்டாரும்மா," என்று ரேடியோ அவர் மனைவியிடம் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் உடனே மகனுக்குப் போன் போட்டு, அப்பாவின் ஆபீஸை யாருக்கும் கைமாற்ற வேண்டாம் என்று உத்தரவு போட்டாள். மேசையைத் துடைத்தாள். மின்விசிறியைப் பழுது பார்க்க ஆள் வைத்தாள்.

"நேத்து எங்களுக்குள்ள சண்டை பாப்பா," என்று வராந்தாவில் அவளைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள், கல்யாணச் செய்தி சொல்வதுபோல. "காலையிலேருந்து முகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்தாரு. எதிர்ல போய் நின்னு, என்ன கோபம்னேன். 'போ'ன்னாரு! கல்யாணமான நாள்லேருந்து எத்தனை தடவை சொல்லியிருப்பாரு அந்த மனுஷன். அப்பல்லாம் பத்திக்கிட்டு வரும். நேத்து கேட்டதும் அழுதுட்டேன்."

தும்மல் வந்த அன்று மாலை பூதக்கண்ணாடி ரேடியோவைக் கூப்பிட்டார்.

"அடுத்த தடவை மாஸ்க் போட்டுக்கிட்டு உக்காரு."

"சளியெல்லாம் இல்ல மேடம். தும்மல்தான், அதுவும் வரல."

"சளிக்காகச் சொல்லல."

மாஸ்க் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மாடிப் படத்தைக் காட்டினாள். தரகர் மாஸ்க்கைப் பார்த்தார். வாசலைக் காட்டினாள். தலையைச் சாய்த்து, வாடகைக்கு வரும் வீட்டின் பரணைப் பார்ப்பவர்போல, மாஸ்க்குக்குக் கீழே எட்டிப் பார்த்தார். "அது," என்றார். "அது... அது..." நெற்றியில் வியர்த்தது. ரேடியோ பூட்டைக் காட்டினாள். அவர் பழுதில்லாத இடது கையை மேசைமேல் நீட்டி, இரண்டு விரலால் மாஸ்க்கின் ஓரத்தைப் பிடித்து, மெல்லக் கீழே இழுத்தார். அந்தக் கணத்தில்தான் ரேடியோவுக்குத் தன் உதடுகள் தெரிந்தன. அவை ஏற்கெனவே குவிந்திருந்தன. சத்தம் இல்லாமல், அவளைக் கேட்காமல், "பூ"வென்று காத்துக்கொண்டிருந்தன.

"பூட்டு," என்று சொல்லிவிட்டுத் தரகர் பெருமையாகச் சிரித்தார்.

வகுப்பையே வாயால் கட்டிப்போடுகிறவள் அன்று முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. கேண்டீன்காரர் உடம்புக்கு என்னம்மா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு அவள் எல்லாம் செய்து பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பக்கவாட்டில் உட்கார்ந்தாள். முதலிலிருந்து தொடங்கினாள். பயிற்சிக்காலம் முடியும்வரை அவருடன் மல்லுக்கட்டினாள். எதிரில் வாய் இருந்தால் சொல் வந்தது. வாய் மறைந்தால் சொல்லும் மறைந்தது. தேர்வு நாளன்று அதை எல்லோர் முன்னாலும் சொல்லி, தப்பு தன்னுடையது என்றாள்.

"குரலை நிறுத்திட்ட, உதட்டை நிறுத்தல. நானும் லேட்டாத்தான் கவனிச்சேன்," என்றார் பூதக்கண்ணாடி. "மொதல்லயே பாத்திருந்தா மட்டும் ஐயாவுக்குப் பேச்சு வந்திருக்குமான்னா, அதுவும் தெரியாது. தப்பை மறைக்காம எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்ட. அதனால நீ பாஸ்."

இழவு வீட்டில் பரிசு கொடுத்ததுபோல இருந்தது ரேடியோவுக்கு.

"அந்த அம்மாகிட்ட யார் மேடம் சொல்றது?"

"பேசிட்டாருன்னு யார் சொன்னது?"

வராந்தாவில் தரகரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அந்த அம்மாள் பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். ரேடியோ சொன்னாள். இத்தனை காலமும் வண்டி வண்டியாகப் பேசியவள் அன்று மூன்றே வாக்கியம்தான் பேசினாள். ஐயா படத்தைப் பார்த்துப் பேசவில்லை, என் உதட்டைப் பார்த்துத்தான் பேசினார், தானாக வருகிறது என்று நான் சொன்னது தப்பு என்றாள்.

அந்த அம்மாள் கேட்டுக்கொண்டாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ரேடியோவுக்கு எவ்வளவோ தேவலாம்.

"அப்ப அந்த 'போ'?" என்றாள்.

"அன்னிக்கு நீங்க என்னம்மா கேட்டீங்க?" என்றாள் ரேடியோ.

"எதிர்ல நின்னு, 'போன்னு சொல்லப் போறீங்களா, சொல்லுங்களேன்'னு நான்தான் கேட்டேன்." அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்ப அதுவும் நான் சொன்னதுதானா?"

பிறகு கணவரிடம் போய், குனிந்து, உள்ளங்கையால் தன் வாயை மூடிக்கொண்டாள். "ஏங்க," என்றாள் கைக்குள்ளிருந்து. "நான் யாருங்க?"

தரகர் அவள் கண்களைப் பார்த்தார். கையைப் பார்த்தார். நல்ல கையைத் தூக்கி அவள் மணிக்கட்டைத் தொட்டார். அவள் கையை எடுத்து வாயைக் காட்டவில்லை. "அது," என்றார் அவர். மறுபடி, இன்னும் மெதுவாக, "அது."

அவள் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். "விவரம் புரியாத ஆளா இருந்தா பரவாயில்ல. இவருக்கு எல்லாம் புரியுதே பாப்பா," என்றாள். "நான் முன்னாடி போய்ச் சேந்துட்டேன்னு வை. யாரு வாயைப் பாத்து இந்த மனுஷன் தண்ணி கேப்பாரு?"

"அம்மா, வேற வழியெல்லாம் இருக்கு. படத்தைத் தொட்டுக் காட்டி..."

"வீடு விக்கிற வாய் பாப்பா அது," என்றாள் அந்த அம்மாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வாங்க, பஸ்ஸு போயிடும்."

ரேடியோ வாசல்வரை கூடவே போனாள். பேருந்து வந்து நின்றது. தரகரைத் தாங்கிப் பிடித்து ஏற்றி ஜன்னலோரம் உட்காரவைத்த அந்த அம்மாள், பக்கத்தில் உட்காரவில்லை. முன் இருக்கைக்குப் போய், அதில் மண்டியிட்டு ஏறி, பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். ஓட்டுநர் ஏதோ கத்தினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருக்கையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுபோய், வாயைத் திறந்தாள். அவரும் திறந்தார். அவள் உதட்டைக் குவித்தாள். அவரும் குவித்தார். வண்டி குலுங்கிக் கிளம்பியது. மூடிய கண்ணாடிக்குள் இரண்டு வாய்களும் ஒன்றுபோலத் திறந்து, ஒன்றுபோல மூடி, திறந்து, திருப்பத்தில் மறையும்வரை அசைந்துகொண்டே இருந்தன.