இன்னும் முப்பத்து நான்கு கிலோமீட்டர்

அக்கா ஊர் மாறிப் போவதற்குச் சரியாக முப்பத்தொன்பது மணி நேரம் இருந்தபோது, தங்கை அக்காவின் காரை நடைபாதைக் கல்லில் ஏற்றினாள். வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. குறுக்கே வந்த சைக்கிளுக்கு ஒதுங்கப் போய் நடந்தது. சைக்கிள்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். காரின் முன் இடது சக்கரம் மட்டும் உஸ்ஸென்று மூச்சை விட்டது.

இறங்கிப் பார்த்தாள். டயருக்கு ஒன்றுமில்லை. டயரைத் தாங்கும் அலாய் வீலின் விளிம்பில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு விரிசல்.

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுத்து இருபது நிமிடத்தில் மாட்டினாள். அக்கா கொடுத்த வித்தை அது. சக்கரம் மாற்றத் தெரியாதவளுக்குச் சாவி கிடையாது என்று சொல்லி, எட்டு மாதத்துக்கு முன் ஒரு மழை நாளில், பக்கத்தில் குடை பிடித்து நின்று, நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட வைத்தாள். தங்கை கடைசி நட்டை முறுக்கி முடித்ததும் அக்கா சாவியை நீட்டினாள். தங்கைக்கு வேலை கிடைத்திருந்த நீர்ப் பரிசோதனைக் கூடம் பேருந்து போகாத மூலையில் இருந்தது. போன வாரம்தான் கூடத்துக்காரர்கள் ஒரு வேன் விட ஆரம்பித்தார்கள். அதுவரை அக்கா தன் அலுவலகத்துக்கு ரயிலில் நின்றுகொண்டே போய் வந்தாள். அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.

அப்படிப்பட்டவளிடம் உடைத்துவிட்டேன் என்று சொல்ல என்ன தயக்கம்? அக்கா திட்ட மாட்டாள் என்பதுதான் தயக்கம். "பரவால்லடி" என்பாள். சின்ன வயதிலிருந்து வாங்கிச் சேர்த்த பரவாயில்லைகளே தலைக்கு மேல் இருந்தன. போதாததற்கு, எட்டு மாதத்தில் ஒரு கீறல் உண்டா என்று அத்தானிடம் அக்கா பெருமையடித்து வைத்திருந்தாள்.

நாலு தெரு தள்ளி ஒரு சக்கரக் கடை இருந்தது. நீளக் குழாய்களில் வளையல் கோத்த மாதிரி பழைய சக்கரங்கள் தொங்கின. கடைக்காரரை அந்தத் தெருவே 'எண்பது' என்றுதான் கூப்பிட்டது.

அவர் உடைந்த சக்கரத்தைப் புரட்டிப் பின்பக்கத்து எண்களைப் படித்தார். விரிசலை ஒட்ட முடியுமா என்று கேட்டாள். ஒட்டுப் போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், தான் அந்த ஆள் இல்லை என்றார். புதிது வர மூன்று வாரம் ஆகுமாம். பழையதில் இதே அளவில் ஒன்று இருந்தது. அதை இறக்கி, சுத்தியல் பிடியால் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார். அவளையும் தட்டிப் பார்க்கச் சொன்னார். நின்று ஒலித்தது. உடைந்ததைத் தட்டினாள். தகர டப்பா சத்தம்.

பிறகு எந்திரத்தில் சுழலவிட்டு, நெளிவு இல்லை என்று காட்டினார். டயரை ஏற்றினார். சக்கரம் வண்டியோடு ஒட்டும் இடத்தில் துருப் போகக் கம்பி பிரஷால் தேய்த்தார். நட்டுகளை எதிரெதிராக, அளவு வந்ததும் 'டக்' என்னும் ரெஞ்சால் முறுக்கினார். யாரும் கேட்காமலே மற்ற மூன்று சக்கரங்களையும் சுற்றி வந்து காற்றுப் பார்த்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. அவளுக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. கூச்சத்தில் தலையை மட்டும் ஆட்டினாள்.

"எண்பது கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி முறுக்கணும்மா. வேற சக்கரம் மாட்டினா அது ஓட ஓடத்தான் சரியா உக்காரும். உக்காந்தா நட்டு தளரும். தளந்ததைப் பாக்காம விட்டா, ரோட்டுல சக்கரம் முன்னால போகும், நாம பின்னால போவோம்."

வண்டி எவ்வளவு தூரம் போகப் போகிறது என்று விசாரித்தார். சனிக்கிழமை காலை, முந்நூற்று நாற்பது கிலோமீட்டர், அக்கா, அத்தான், நாலு வயதுக் குழந்தை என்றாள். அப்படியானால் வழியில் ஒரு கடையில் நிறுத்தி முறுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள், அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்றார்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். அக்காவிடம் அதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அந்த எண்பதையும் வெள்ளிக்கிழமைக்குள் தானே ஓட்டித் தீர்த்துவிட்டு, ஏழு மணிக்குக் கடை மூடுவதற்குள் வந்து முறுக்கிக்கொண்டால் முடிந்தது என்று கணக்குப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை வெளிச்சத்தில் வேறொரு வில்லங்கம் தெரிந்தது. கடைக்காரர் மாட்டிய சக்கரம், பழையதே ஆனாலும் கடையில் துடைத்து வைத்திருந்ததால், பளபளவென்றிருந்தது. மற்ற மூன்றும் பிரேக் தூள் படிந்து பழுப்பேறிக் கிடந்தன. வேதியியல் படித்த மூளை விபரீதமாக வேலை செய்தது. மற்றவற்றிலிருந்து தூளைச் சுரண்டி, தண்ணீரில் குழைத்து, பளபளத்ததில் பூசினாள். குழந்தை சுவரில் கிறுக்கிய மாதிரி வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று புரிந்து, நான்கையும் கழுவ உட்கார்ந்தாள். அமிலம் கலந்த திரவம் அலுமினியத்தை அரிக்கும்; அதனால் வெறும் சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷும். மூன்று மணி நேரம் போயிற்று.

அக்கா வெளியே வந்து பார்த்தாள். ஒவ்வொரு சக்கரத்தின் முன்னாலும் குனிந்து நின்றாள்.

அத்தான் பின்னாலேயே வந்தார். "ஆறு வருஷமா இந்த வீட்டு மாப்பிள்ளை நான். என் செருப்பை ஒரு நாள் துடைச்சிருப்பாளா? வண்டிக்குச் செய்யுற உபசாரத்தைப் பாரு."

அக்கா சிரிக்கவில்லை. ஊறிச் சுருங்கியிருந்த தங்கையின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். "எங்களை அனுப்புறதுக்கு முன்னால இதை யாருடி உக்காந்து செய்வா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. தங்கைக்குத் திருடனைத் தேள் கொட்டிய கதையானது.

அதற்குப் பிறகு எந்தச் சில்லறை வேலை என்றாலும் அவளே சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். பெட்டி கட்டக் கயிறு வாங்க ஊரின் மறு கோடிக்குப் போனாள். ஒட்டும் டேப் வாங்க வெளிவட்டச் சாலையைச் சுற்றினாள். டேப் வாங்க எந்த நாட்டுக்குப் போனாய், கடவுச்சீட்டு இருந்ததா என்று அத்தான் கேட்டார். ஐந்து மணிக்கு நாற்பத்தாறு கிலோமீட்டர் ஆகியிருந்தது. இன்னும் முப்பத்து நான்கு. அப்போது அக்கா சாவியைக் கேட்டு வாங்கி, பெட்டிகளைக் கூரை முட்ட ஏற்ற ஆரம்பித்தாள். ஏழு மணியும் ஆயிற்று.

அன்றிரவு தூங்கியதாகப் பேர்.

சனிக்கிழமை ஆறு மணி. குழந்தை பின் இருக்கையில் பெல்ட்டுக்குள் உட்கார்ந்து, ஒற்றைச் செருப்பைக் கழற்றி எல்லோருக்கும் அதையே ஆட்டிக்கொண்டிருந்தது. அக்கா ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாள். தங்கை கடைசியாக ஒரு குறுக்குவழி பார்த்தாள்.

"அக்கா, போற வழியில எங்கயாவது நிறுத்தி நட்டெல்லாம் ஒரு தடவை முறுக்கிப் பாத்துக்கோ."

"கழட்டாத சக்கரத்துல நட்டு எதுக்குடி தளருது? நான் சொல்லிக் குடுத்த பாடத்தை எனக்கே திருப்பிப் படிக்கிறியா?"

"மச்சினிக்கு அனுப்ப மனசில்ல. அதான் ஏதேதோ சாக்கு" என்றார் அத்தான்.

அக்கா அவளுடைய கன்னத்தைத் தட்டினாள். எட்டு மாதம் பிசகில்லாமல் பார்த்துக்கொண்டதற்கும், நேற்று கழுவி விட்டதற்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை என்றாள். அக்கா தனக்கு நன்றி சொல்கிறாள். ரயிலில் நின்றவள் அவள். குடை பிடித்தவள் அவள். தங்கை இதுவரை ஒரு முறையாவது அவளிடம் அந்த வார்த்தையைச் சொன்னதுண்டா என்று யோசித்தாள். இல்லை. வாய் வந்ததே இல்லை.

அக்கா எஞ்சினை முடுக்கினாள். தங்கை கார் கதவின் மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திப் பிடித்தாள்.

"கழட்டின சக்கரம்தான்க்கா. முன்னால இடது பக்கம். வியாழக்கிழமை கல்லுல ஏத்தி நான்தான் உடைச்சேன்."